தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு

அந்தத் தெருவில் வேறு யாராவது வானத்தில் விசித்திரமான ஒன்றைப் பார்த்திருந்தால் விஷயம் அன்றைக்கே அடங்கியிருக்கும். சலூன்காரர் பார்த்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஸ்டுடியோக்காரர் பார்த்திருந்தால், படம் எங்கே என்று கேட்டு வாயை அடைத்திருப்பார்கள். பார்த்தது கண்ணாடிக் கடைக்காரராகப் போய்விட்டது. எல்லோரையும் நாற்காலியில் உட்கார வைத்து, இது தெரியுதா, அது தெரியுதா என்று கேட்கிறவர், தனக்கு என்ன தெரிந்தது என்று சொல்லத் தொடங்கியதும் தெரு காதைத் தீட்டிக்கொண்டது.

கடைக்கு நேர் மேலே முதல் மாடியில் அவருடைய அக்காவும் அக்கா கணவரும் குடியிருந்தார்கள். கல்யாணம் ஆகாத தம்பிக்கும் சாப்பாடு, படுக்கை எல்லாம் அங்கேதான். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். தம்பி கண்ணாடிப் படிப்பு படித்து, சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியபோது, அது கோணலாக இருக்கிறது என்று ஆணியை மூன்று முறை பிடுங்கி அடிக்க வைத்தவள் அவள்தான். இன்றைக்கும் கடைக்குள் நுழைந்தால் முதலில் அந்தச் சட்டத்தைத்தான் நிமிர்த்துவாள். பிறகுதான் தம்பியைப் பார்ப்பாள்.

தம்பியிடம் அவளுக்கு ரொம்பப் பிடித்த குணம், அவனுக்குப் பொய் வராது என்பது. கடைக்கு ஆகாத குணமும் அதுதான். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் கடையில் இருந்த ஃபிரேம்களையெல்லாம் மாட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எனக்கு எது எடுப்பா இருக்கு?" என்று கேட்டார். தம்பி நன்றாக யோசித்து, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றான். அவர் எழுந்து போய்விட்டார். அக்கா அன்றைக்குத் தம்பியைத் திட்டினாள். ஆனாலும் பக்கத்து வீட்டில் போய் அதைச் சொன்னபோது அவள் குரலில் பெருமைதான் இருந்தது.

சம்பவம் நடந்தது ஒரு திங்கட்கிழமை, பொழுது சாய்கிற நேரம். வானம் மூடிக்கொண்டு வந்தது. அக்கா படிக்கட்டில் நின்று கீழே குரல் கொடுத்தாள்: "டேய், மழை வர்ற மாதிரி இருக்கு. மொட்டை மாடியில துணி கிடக்கு. ஓடிப்போய் எடுத்துட்டு வாடா, என் கையெல்லாம் மாவா இருக்கு."

தம்பி போனான். கொஞ்ச நேரத்தில் அவன் இறங்கி வந்தபோது கையில் ஒரே ஒரு தலையணை உறை இருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"மீதித் துணி எங்கடா?"

"அக்கா, மேல ஒண்ணு நின்னுச்சுக்கா."

"என்ன நின்னுச்சு?"

"தெரியலக்கா. தண்ணித் தொட்டி இருக்குல்ல, அது உச்சியில வெள்ளை விளக்கு இருக்கும்ல. அந்த விளக்கு பாட்டுக்கு எரியுது. அதை ஒட்டி செங்குத்தா ஒரு சிவப்புக் கோடு. வானத்தைப் பிளேடு வெச்சுக் கிழிச்ச மாதிரி. சத்தமே இல்ல. நான் தலையைச் சாய்ச்சுப் பாத்தேன். அதுவும் சாய்ஞ்சுது."

"எது?"

"அந்தக் கோடு. நான் இந்தப் பக்கம் சாய்ஞ்சா அதுவும் இந்தப் பக்கம். என்னைத்தான் பாக்குதுன்னு தோணிச்சு. சரி, கண்ணுல ஏதோ கோளாறுன்னு பாதிப் படி இறங்கி, முகத்தை நல்லாத் துடைச்சு, கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, திரும்ப ஏறிப் போய்ப் பாத்தேன். காணோம். விளக்கு மட்டும் இருக்கு."

அக்கா மாவுக் கையோடு மேலே ஏறிப் போய்ப் பார்த்தாள். தொட்டி இருந்தது, விளக்கு இருந்தது. அவளுடைய நல்ல சேலை தரையில் கிடந்தது.

அன்றைக்கே அவன் வாயைக் கட்டியிருக்க வேண்டும். ஆனால் மறுநாள் காலை பக்கத்துக் கடை சலூன்காரர், "என்ன தம்பி, ராத்திரி தூங்கலையா?" என்று சாதாரணமாகக் கேட்க, பொய் வராதவன் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டான். சலூன் நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொரு தலையும் அதை வாங்கிக்கொண்டு போனது. மதியத்துக்குள் சிவப்புக் கோடு தட்டாகி, தட்டுக்கு ஜன்னல் வந்து, ஜன்னலில் ஒரு முகமும் வந்துவிட்டது.

முதல் அடி புதன்கிழமை விழுந்தது. கண்ணாடிக்குச் சொல்லி வைத்திருந்த ஒரு அம்மா வந்து, "தப்பா நினைக்காதீங்க, நம்பரை மட்டும் வேற ஒரு இடத்துல காட்டிட்டு வந்துடறேன்" என்று நம்பர் எழுதிய தாளை வாங்கிக்கொண்டு போனார். அடுத்து வந்தது பெரிய அடி. பஸ் டிப்போ மேனேஜர் போன் செய்தார். டிப்போவின் ஓட்டுநர்கள் அத்தனை பேருக்கும் வருடா வருடம் கண் பரிசோதனை இந்தக் கடையில்தான். கடை நிற்பதே அதன் காலில்தான்.

"கேள்விப்பட்டேன் தம்பி" என்றார் மேனேஜர். "வானத்துல இல்லாததைப் பாக்கிறவர்கிட்ட என் ஆளுங்களை எப்படி அனுப்புறதுன்னு மேல கேக்கிறாங்க. சனிக்கிழமை நேர்ல வர்றேன். என்ன பாத்தீங்க, எதைப் பாத்து அப்படி நினைச்சீங்கன்னு தெளிவா சொல்லுங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்."

அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமைக்குள் அந்தக் கோட்டுக்குச் சாதாரணமான ஒரு காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். அதைத் தம்பியும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவதுதான் மலையாகத் தெரிந்தது.

அன்று மாலை கடையில் ஆலோசனை கூடியது. அக்கா கணவர், சலூன்காரர், எதிர்க்கடை ஸ்டுடியோக்காரர், மூன்று பேரும் வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தம்பி குற்றவாளிபோல் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தான். அக்கா எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

அக்கா கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். உலகத்தில் எது நடந்தாலும் அவருக்கு அது குளிரும் ஈரமும் சம்பந்தப்பட்ட சமாச்சாரம். "மச்சான், மழைக்கு முன்னாடி காத்துல ஈரம் ஏறும். அந்த விளக்கு வெளிச்சம் ஈரத்துல பட்டு நீளமாத் தெரிஞ்சிருக்கும். அவ்வளவுதான்."

"வெள்ளை விளக்கு எப்படி மாமா சிவப்பா நீளும்?"

"அது… ஈரம் ஜாஸ்தியா இருந்தா."

"அப்ப உங்க ஃபிரிட்ஜ் உள்ள எல்லாம் சிவப்பாத்தான் தெரியும்" என்றார் சலூன்காரர். அவருக்கு வேறு கருத்து இருந்தது. "தம்பி, ஏரோப்பிளேன் போயிருக்கு. சூரியன் கீழ இறங்கிடுச்சு, பிளேன் மேல இருக்கு. அதோட வயித்துல வெளிச்சம் பட்டு மின்னும். நான் எத்தனை தடவை பாத்திருக்கேன்."

"பிளேன் நகரும்ணே. இது நான் சாய்ஞ்சா சாயுது, நிமிர்ந்தா நிமிருது."

"அப்ப உனக்குக் கழுத்துப் பிடிப்பு. வா, ஒரு மசாஜ் போட்டு விடறேன்."

ஸ்டுடியோக்காரர் அதுவரை டீயை ஊதிக்கொண்டிருந்தார். எதையும் கடைசியில் சொன்னால் மதிப்பு என்று நினைக்கிறவர். "எனக்கு இது பழகின விஷயம்" என்று தொடங்கினார். "விளக்கை நேரா வெச்சுப் படம் எடுத்தா இப்படிக் கோடு விழும். கோடு வானத்துல இருக்காது. கண்ணாடியில இருக்கும். லென்ஸ்ல."

"நான் கேமரா வழியாப் பாக்கலையேண்ணே. வெறும் கண்ணால பாத்தேன்."

"அப்ப சரி" என்று அவர் மறுபடி டீயை ஊதத் தொடங்கினார். அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுத் திரும்பிப் போனோம் என்பது அவருக்கும் தெரியவில்லை, மற்றவர்களுக்கும் தெரியவில்லை.

பட்டம், பலூன், யாரோ விட்ட வாணம், பக்கத்து ஊர்த் தீ என்று ஒவ்வொன்றாக வந்தது. தம்பி ஒவ்வொன்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான், மரியாதையாகத் தள்ளினான். வம்புக்கு மறுக்கவில்லை என்பதுதான் கஷ்டம். ஒவ்வொரு காரணத்தையும் உண்மையாகவே சோதித்துப் பார்த்தான். வியாழக்கிழமை மாலை, யாரோ மாடியில் சிவப்புக் குழல் விளக்கு மாட்டியிருக்கலாம் என்று மாமா சொன்னதும், அதையும் பார்த்துவிடலாம் என்றான். மாமா ஒரு குழல் விளக்கில் சிவப்புக் காகிதம் சுற்றி, தரை துடைக்கிற கட்டையில் கட்டி, ஸ்டுடியோ மாடியில் ஏறி நின்று தூக்கிப் பிடித்தார். தம்பி இந்த மாடியில் நின்று தலையைச் சாய்த்தான்.

"எப்படி மச்சான், இதுதானே?" என்று அங்கிருந்து கத்தினார் மாமா.

"இல்ல மாமா."

"ஏன் இல்ல?"

"இதுல நீங்களும் தெரியுறீங்க."

தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிரிப்பு ஒரு பக்கம் இருந்தது. நாளை மறுநாள் சனிக்கிழமை என்பது இன்னொரு பக்கம் இருந்தது.

அன்று படுக்கப் போகும்போது கணவர் குரலைத் தாழ்த்தி, "கவலைப்படாதே. எல்லாம் பேசி முடிச்சாச்சு" என்றார். "ஸ்டுடியோக்காரன்கிட்ட டிரோன் இருக்கு. விசேஷ வீடுகள்ல மேல இருந்து படம் புடிக்கிறதுக்கு வாங்கினது. சனிக்கிழமை அவன் வந்து, 'சார், அது என் டிரோன், அன்னைக்கு ஓட்டிப் பாத்தேன்'னு சொல்லிடுவான். மேனேஜர் சிரிச்சுட்டுப் போயிடுவார்."

"அவன் ஒத்துக்குவானா?"

"ஸ்டுடியோக்காரனா? ஒத்துக்கிட்டான். டிரோனுக்கு விளம்பரமாச்சேங்கிறான்."

"நான் தம்பியைக் கேக்கிறேன்."

கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா துணி உலர்த்தப் போனாள். மொட்டை மாடிக்குப் போகும் படியில் பாதித் தூரத்தில் ஒரு ஜன்னல் திட்டு உண்டு. அதில்தான் துணிக் கிளிப் கூடை இருக்கும். கூடையை எடுத்தபோது அதன் பின்னால் எதுவோ இரும்புபோல் இடித்தது. எடுத்துப் பார்த்தாள். கண் பரிசோதனைக்கு வருகிறவர் மூக்கில் மாட்டுவார்களே, வட்ட வட்டமாக, லென்ஸைப் போட்டுப் போட்டு எடுக்கிற கனமான ஃபிரேம், அது. கடையில் இருப்பது கறுப்பு. இது வெள்ளி நிறம். போன வாரம்தான் தம்பி, மூடிப்போன ஒரு கடையிலிருந்து பழைய லென்ஸ் பெட்டி ஒன்று வாங்கி வந்தான். அதோடு வந்தது. பெட்டியில் உள்ள ஒவ்வொரு லென்ஸும் சரியாக இருக்கிறதா என்று தானே மாட்டி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஃபிரேமின் ஒரு பக்கம் வெறும் வட்டம். மறு பக்கத்தில் ஒரு சிவப்புக் கண்ணாடி இருந்தது. வரிவரியாகக் கோடு போட்ட கண்ணாடி.

"இதை இங்க போட்டு வெச்சிருக்கான் பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே, அதில் தூசு இருக்கிறதா என்று பார்க்கத் தன் மூக்கில் மாட்டினாள். படிக்கட்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்தாள்.

பல்பை ஒட்டி, செங்குத்தாக, ஒரு சிவப்புக் கோடு நின்றது.

அக்கா தலையைச் சாய்த்தாள். கோடும் சாய்ந்தது.

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு ஜோடிக் கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதே நாள் முழுக்க வேலையாக இருக்கிறவன். மூக்கில் எது இருக்கிறது என்பது அவன் மூக்குக்கே மறந்துபோன விஷயம். துணி எடுக்க அவள் கூப்பிட்டதும் அப்படியே ஏறிப் போயிருக்கிறான். பாதிப் படி இறங்கி வந்து முகம் துடைத்தபோது இதைக் கழற்றி வைத்துவிட்டு, சட்டைப் பையில் இருந்த தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போயிருக்கிறான். கோடு எப்படி இருக்கும்? அவனே கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டானே.

முதலில் அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. தனியாக உட்கார்ந்து, ஈரத்துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மேனேஜர் ஞாபகம் வந்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

கணவரிடம்தான் முதலில் காட்டினாள். அவர் மாட்டிப் பார்த்தார், சாய்ந்து பார்த்தார், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டார்.

"இதை வெளிய விடாதே."

"ஏன்?"

"யோசிச்சுப் பாரு. வானத்துல எதையோ பாத்தவன்னா அதுல ஒரு கெத்து இருக்கு. தன் மூக்கு மேல இருக்கிறதைப் பாக்கத் தெரியாதவன்னா? அதுவும் கண்ணாடிக் கடைக்காரன்? டிரோன் ரெடியா இருக்கு. பேசாம இரு."

அக்கா நாள் பூராவும் பேசாமல்தான் இருந்தாள். ஃபிரேமைத் துடைத்தாள். அந்த லென்ஸைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். தம்பியிடம் சொல்லாவிட்டால், மேனேஜர் முன்னால் அவன் டிரோன் இல்லை என்றுதான் சொல்வான். அது வானத்தில் நின்றது, என்னைப் பார்த்தது என்பான். கடை போகும். சொல்லிவிட்டால் இதையும் அவன் மேனேஜரிடம் சொல்லாமல் இருக்கப் போவதில்லை. அப்போதும் போகலாம். இரண்டிலும் போகலாம் என்றால், அவனுக்கு உண்மை தெரிந்தபிறகு போகட்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

மாலையில் தம்பி கடையைச் சாத்துகிற நேரம் அவள் இறங்கிப் போனாள். சுவரில் இருந்த சான்றிதழை நிமிர்த்தினாள். அது நேராகத்தான் இருந்தது.

"இது படிக்கட்டு ஜன்னல்ல இருந்துச்சுடா" என்று ஃபிரேமை மேஜையில் வைத்தாள்.

தம்பி அதைப் பார்த்தான். அதில் இருந்த சிவப்புக் கண்ணாடியைப் பார்த்தான். அவனுக்கு அவள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த லென்ஸ் என்ன செய்யும் என்பதைப் பாடமாகப் படித்துத் தேறியவன் அவன். எடுத்துக்கொண்டு மாடி ஏறினான். அவள் கீழேயே நின்றாள்.

திரும்பி வந்தபோது ஃபிரேம் அவன் கையில் இருந்தது. மூக்கில் தன் கண்ணாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"சரியா இருக்குக்கா" என்றான். "அதேதான்."

"போகட்டும் விடுடா."

"இல்லக்கா. நாலு நாளா நான் ரொம்ப சந்தோஷமா இருந்தேன். வெளிய சொல்லல. இத்தனை பேர் இருக்கிற ஊர்ல அது என்னைத் தேடி வந்துச்சேன்னு." கொஞ்ச நேரம் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என் தலையை நானே சாய்ச்சிருக்கேன். பதிலுக்கு அது சாய்ஞ்சுதுன்னு நினைச்சிருக்கேன்."

அக்காவுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. "மாமா டிரோன் ஏற்பாடு பண்ணியிருக்கார்" என்று மட்டும் சொன்னாள். அவன் அவளை நிமிர்ந்து பார்த்த பார்வையில், அந்த ஏற்பாடு அங்கேயே முடிந்துவிட்டது.

ஆனால் அது முடிந்துவிட்டது என்பதை ஸ்டுடியோக்காரரிடம் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை மேனேஜர் வந்தார். பருத்த ஆள், சிரிக்காத முகம். பரிசோதனை நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு, "நான் நோயாளி இல்ல" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். தம்பி அவர் எதிரில் நின்றுகொண்டே, துணி எடுக்கப் போனதிலிருந்து ஜன்னல் திட்டு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான். எதையும் குறைக்கவில்லை. ஃபிரேமை நீட்டினான். மேனேஜர் மாட்டிக்கொண்டு கடை விளக்கைப் பார்த்தார். தலையைச் சாய்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

அந்த நேரம் பார்த்து ஸ்டுடியோக்காரர் உள்ளே நுழைந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். கையில் டிரோன்.

"சார், மன்னிக்கணும்" என்றார். "தப்பு என்னோடது. அன்னைக்கு மேல நின்னது என் டிரோன்தான். சும்மா ஓட்டிப் பாத்தேன். சிவப்பு விளக்கு போட்டிருந்தேன்."

அக்கா கணவர் வாசலில் நின்று இரண்டு கையையும் வீசி வேண்டாம் வேண்டாம் என்றார். ஸ்டுடியோக்காரர் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டார். "விசேஷங்களுக்கு வாடகைக்கும் வரும் சார்" என்று சேர்த்துக்கொண்டார்.

மேனேஜர் ஃபிரேமை மூக்கிலிருந்து எடுக்காமலே தம்பியைப் பார்த்தார். "இப்ப ரெண்டு காரணம் இருக்கு. எது நிஜம்?"

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க திங்கட்கிழமை ஊர்லயே இல்ல" என்றான் தம்பி ஸ்டுடியோக்காரரிடம். பிறகு மேனேஜரிடம் திரும்பினான். "டிரோன் இல்ல சார். என் மேல பாசத்துல சொல்றார். நான் மாட்டியிருந்ததை நானே மறந்துட்டேன். அதுதான் நிஜம்."

மேனேஜர் மெதுவாக ஃபிரேமைக் கழற்றினார். "முப்பது வருஷமா டிப்போவுல இருக்கேன்" என்றார். "பஸ்ஸை எங்கயாவது இடிச்சுட்டு வந்து என் ஆளுங்க சொல்ற காரணம் எல்லாம் இந்த டிரோன் மாதிரிதான் இருக்கும். பளபளன்னு, ஓட்டை இல்லாம. குறுக்க நாய் வந்துச்சு, பிரேக் புடிக்கல, எதிர்ல வந்தவன் லைட் அடிச்சான். தன் முட்டாள்தனம் அதுல ஒரு சொட்டு இருக்காது. நீங்க சொன்னது இருக்கே, இப்படி ஒண்ணை எந்த மனுஷனும் தனக்குத் தானே கட்டிச் சொல்ல மாட்டான்."

மேனேஜர் ஃபிரேமை மேஜையில் வைத்தார்.

"கண்ணு சரியாத்தான் இருக்கு. மூக்குதான் சரியில்ல. மூக்குக்கு எங்க டிப்போவுல பரிசோதனை கிடையாது." எழுந்தார். "திங்கட்கிழமைல இருந்து ஆளுங்களை அனுப்பறேன். ஆனா ஒண்ணு, உங்க அக்கா கூட இருக்கணும். சோதனை முடிஞ்சதும் அந்த ஃபிரேமோட எவனும் பஸ் ஏறிடாம பாத்துக்கணும்."

அதைச் சொன்னபோதுதான் அவர் சிரித்தார்.

சலூன்காரர் மட்டும் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "குடும்பத்தோட சேர்ந்து மூடி மறைக்கிறாங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி இரண்டு தடவை போய் விளக்கிச் சொன்னான். மூன்றாவது தடவை போனபோது சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு, "தம்பி, உன்னை மிரட்டினாங்களா?" என்று காதோடு கேட்டார். அதோடு அவனும் விட்டுவிட்டான்.

இப்போதெல்லாம் தம்பி கடையை விட்டு வெளியே எங்கே கிளம்பினாலும், படிக்கட்டுப் பக்கம் வந்து ஒரு நிமிடம் நின்று முகத்தை மேலே காட்டுவான். அக்கா கைவேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள். மூக்கு, இரண்டு காது, நெற்றி, சட்டைப் பை, எல்லாவற்றையும் வரிசையாகப் பார்ப்பாள்.

"சரி, போ" என்பாள்.